எவர்சில்வர் டம்ளர் ஏன் போர்வெல் பைப் மாதிரி வருகிறது?

கிறுக்கல்காரன் | ஞாயிறு, இரவு 11.10

எல்லோருக்கும் வணக்கம். பென்சில் பிடித்து எட்டு மாதம் ஆகிறது. பிள்ளைகள் தூங்கிய பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் சமையலறையில் கைக்குக் கிடைத்ததை எடுத்து வைத்து வரைகிறேன். எலுமிச்சம்பழம், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சிரட்டை எல்லாம் ஓரளவு பிடிபட்டுவிட்டன. போன வாரம் காபி டம்ளரில் கை வைத்தேன். அதோடு சரி.

படத்தைப் பாருங்கள். இடது பக்கம் வெளிச்சம், வலது பக்கம் இருட்டு, நடுவில் மெதுவாக மாறும் சாம்பல். உருளைக்கு நிழல் போடக் கற்றுக்கொண்டபடிதான் போட்டிருக்கிறேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன, போர்வெல் பைப்பா?" என்றாள். மூன்று முறை மாற்றி வரைந்தும் பைப் பைப்பாகத்தான் இருக்கிறது.

2பி, 4பி, 6பி பென்சில்கள். 150 ஜிஎஸ்எம் தாள். சமையலறை மேடையில் டம்ளர், தலைக்கு மேல் டியூப்லைட். தப்பு எங்கே?

பென்சில்சீவி | ஞாயிறு, இரவு 11.32

பைப்பாக இருந்தாலும் நல்ல பைப். தைரியமாக இருங்கள்.

எனக்குப் பார்த்ததும் தோன்றியது, கறுப்பு போதவில்லை. உங்கள் 6பி எங்குமே முழுக் கறுப்பை எட்டவில்லை. 8பி வாங்குங்கள், இல்லாவிட்டால் கடைசி இருட்டுக்கு மட்டும் கரிப் பென்சில். கிராஃபைட்டை எவ்வளவு அழுத்தினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் அது கறுக்காது, பளபளக்கத்தான் செய்யும். அழுத்தின இடத்தைச் சாய்த்துப் பார்த்தால் வெள்ளையாக மின்னும்.

(சும்மா ஒரு தகவல்: இந்த எச், பி எல்லாம் களிமண் கணக்கு. 1795-இல் பிரான்சில் கோன்ட்டே என்பவர், போர் காரணமாக இங்கிலாந்துக் கிராஃபைட் வராமல் போக, இருந்த தூளைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டார். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் கறுப்பு. இன்றும் அதே பக்குவம்தான்.)

மாடல்டிராயிங் | திங்கள், காலை 6.05

தம்பி, பென்சிலைக் குறை சொல்லாதீர்கள். உங்களிடம் இருக்கும் 2பி ஒன்றே போதும். நான் முப்பது வருடம் பள்ளியில் ஓவிய ஆசிரியர். அரசு தொழில்நுட்பத் தேர்வில் மாடல் டிராயிங் (எதிரில் வைத்த பொருளைப் பார்த்து வரைவது) எழுதப் போகும் பிள்ளைகளுக்கு இதே உருளையைத்தான் திரும்பத் திரும்ப வைப்பேன். அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

முதலில் நிழலை விடுங்கள், கோட்டைப் பாருங்கள். டம்ளரின் வாயை நீள்வட்டமாகப் போட்டிருக்கிறீர்கள், சரி. ஆனால் இரண்டு ஓரத்திலும் மீன் வால் மாதிரி கூராக முடிகிறது. நீள்வட்டத்துக்கு மூலை கிடையாது. எவ்வளவு ஒடுங்கினாலும் ஓரத்தில் சின்ன வளைவாகத் திரும்பித்தான் ஆக வேண்டும். அடுத்து, அடிப்பாகத்தை ஏறக்குறைய நேர்கோடாகவே இழுத்துவிட்டீர்கள். தரை தட்டையாக இருக்கிறதே என்று மனசு சொல்லும், கை கேட்டுவிடும். கண் மட்டத்தில் இருக்கும் வட்டம்தான் கோடாகத் தெரியும். கீழே போகப்போக அது திறக்கும். ஆகவே அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். உங்கள் படத்தில் தலைகீழாக இருக்கிறது. பாதிப் பைப் அங்கேயே வந்துவிட்டது.

அடுத்து வெளிச்சம். தலைக்கு மேல் நாலடி டியூப்லைட் என்றால், டம்ளருக்கு இடது வலது என்று ஒன்றும் பெரிதாக இல்லை. அப்படியானால் இடது வெளிச்சம், வலது இருட்டு என்பதை எங்கே பார்த்து வரைந்தீர்கள்?

கிறுக்கல்காரன் | திங்கள், இரவு 10.48

ஐயா, மாட்டிக்கொண்டேன். பார்த்து வரையவில்லை. ஒரு வீடியோவில் உருளைக்கு அப்படிப் போட்டார்கள். டம்ளர் எதிரில் இருந்தது, ஆனால் வரைந்தது அந்த வீடியோ உருளையைத்தான்.

இன்று மறுபடி டம்ளரை வைத்து வெறுமனே பத்து நிமிடம் பார்த்தேன். மெதுவாக மாறும் சாம்பல் எங்குமே இல்லை. செங்குத்தாகப் பட்டை பட்டையாக இருக்கிறது. கறுப்பு, பக்கத்திலேயே பளீர் வெள்ளை, மறுபடி கறுப்பு, ஓரத்தில் ஒரு மெல்லிய வெளிச்சம். இது என்ன கணக்கு?

ஃபோட்டோபிரியன் | திங்கள், இரவு 11.05

இதற்கு ஏன் இவ்வளவு தலைவலி? போனில் ஒரு படம் எடுங்கள், கறுப்பு-வெள்ளையாக மாற்றுங்கள், கட்டம் போட்டுப் பாருங்கள். எந்தப் பட்டை எந்த இடத்தில் என்று அப்படியே விழும். கண் ஏமாற்றும், கேமரா ஏமாற்றாது.

கண் எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஓர் உதாரணம். 1995-இல் அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் அடெல்சன் சதுரங்கக் கட்டம் ஒன்றை வரைந்தார். மேலே ஓர் உருளை, அதன் நிழல் கட்டத்தின்மேல் விழுகிறது. நிழலுக்கு வெளியே இருக்கும் கறுப்புக் கட்டமும் நிழலுக்குள் இருக்கும் வெள்ளைக் கட்டமும் ஒரே சாம்பல்தான். எத்தனை முறை பார்த்தாலும் கண் ஒத்துக்கொள்ளாது. அப்படிப்பட்ட கண்ணை நம்பியா வரைவது?

மூக்குப்பேணி | செவ்வாய், காலை 7.20

நான் யாழ்ப்பாணம். எங்கள் வீட்டில் அம்மம்மாவின் பித்தளை மூக்குப்பேணி (மூக்கு வைத்த குவளை) ஒன்று இருக்கிறது, அதைக் கீறிக் கீறித்தான் (நீங்கள் வரைவது என்பதை நாங்கள் கீறுவது என்போம்) எனக்கு இந்த விசயம் விளங்கியது. ஆகவே ஃபோட்டோபிரியன் சொல்வதோடு ஒரு சின்னச் சண்டை.

கிறுக்கல்காரன், டம்ளருக்கு முன்னால் இருந்துகொண்டு ஒற்றைக் கண்ணை மூடுங்கோ. தலையை ஒரு சாண் இடது பக்கம் நகர்த்துங்கோ. பளீரென்ற பட்டை உங்களோடு சேர்ந்து நகரும். கறுப்புப் பட்டையும் நகரும். ஆனால் மேசையில் விழுந்த நிழல் அசையாது. இதே சோதனையை ஒரு முட்டையில் செய்து பாருங்கோ. வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் எல்லை, முட்டையில் அதே இடத்தில்தான் நிற்கும்.

தலையோடு நகர்வது எல்லாம் கண்ணாடி வேலை. நகராமல் நிற்பது பொருளின் சொந்த நிழல். எலுமிச்சம்பழம் உங்களுக்குப் பிடிபட்டதற்குக் காரணம், அதில் பெரும்பகுதி சொந்த நிழல். டம்ளரில் பெரும்பகுதி கண்ணாடி. நீங்கள் கண்ணாடிக்கு எலுமிச்சம்பழத்தின் நிழலைப் போட்டுவிட்டீர்கள். போட்டோவில் இரண்டும் ஒன்றாக உறைந்துபோய் நிற்கும், எது எது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

ஃபோட்டோபிரியன் | செவ்வாய், காலை 9.14

அக்கா, இந்தத் தலை நகர்த்தும் வேலையை இப்போதுதான் என் காபிக் கோப்பையில் செய்து பார்த்தேன். சரிதான். ஆனாலும் ஒரு வார்த்தை. சன்னல் வெயிலில் வைத்தால் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்ந்துவிடும். ஒரு மணி நேரம் வரைபவருக்குத் தொடக்கத்தில் இருந்த நிழல் முடிவில் இருக்காது. அதற்காவது போட்டோ வேண்டும்.

மூக்குப்பேணி | செவ்வாய், காலை 9.40

வேண்டாம் என்று சொல்லவில்லையே. முதலில் இருந்து பாருங்கோ, பிறகு எடுங்கோ. விழும் நிழலின் எல்லையை முதல் ஐந்து நிமிடத்தில் கீறி வைத்தால் சூரியன் எங்கே போனால் என்ன?

பட்டறைப்பையன் | செவ்வாய், மதியம் 2.30

எனக்கு வரையத் தெரியாது, தங்கை வரைவதால் இங்கே வந்து படிப்பவன். ஆனால் எங்கள் குடும்பம் பாத்திரப் பட்டறை. டம்ளர் என்றதும் வாயைத் திறக்காமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பட்டை ஏன் மேலிருந்து கீழ்வரை நீளமாக ஓடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. எங்கோ இருக்கும் ஒரு சன்னலோ லைட்டோ டம்ளரில் ஒரு புள்ளியாகத்தானே தெரிய வேண்டும்? விசயம் இதுதான். டம்ளரை லேத்தில் மாட்டிச் சுற்றவிட்டுத்தான் பாலிஷ் போடுவோம். அதனால் அதன் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கீறல்கள் சுற்றுவட்டமாக ஓடும். நகத்தை மேலிருந்து கீழாக இழுத்தால் சில டம்ளர்களில் லேசாகத் தட்டுப்படும். கீறல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, வெளிச்சம் அதற்குக் குறுக்காக இழுபடும். கீறல் படுக்கையாகச் சுற்றுகிறது, வெளிச்சம் நின்றவாக்கில் நீள்கிறது.

நம்பாவிட்டால் சாப்பிடும் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விசிறி மாதிரி விரிந்து, உடுக்கை வடிவத்தில் ஒரு பளபளப்பு தெரியும். தட்டைச் சுழற்றினாலும் உடுக்கை சுழலாது, நீங்கள் நகர்ந்தால் நகரும். அங்கே கீறல் வட்ட வட்டமாக இருப்பதால் வெளிச்சம் ஆரக்கால் மாதிரி இழுபடுகிறது.

இன்னொன்று. நம்மூர் டம்ளர் நேர் உருளை இல்லை. அடி சின்னது, வாய் அகலம். சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் அது கொஞ்சம் தரையைப் பார்த்தபடி இருக்கும். ஆகவே டம்ளர் வைத்திருக்கும் மேசைதான் அதில் அதிகம் தெரியும். மேடை கறுப்புக் கிரானைட் என்றால் டம்ளரும் பாதிக் கறுப்புதான்.

பென்சில்சீவி | செவ்வாய், மதியம் 3.02

பட்டறை அண்ணா! இருபது வருடமாகத் தட்டு கழுவுகிறேன், அந்த உடுக்கையைப் பார்த்ததே இல்லை. இப்போது சமையலறையில் ஒவ்வொரு மூடியாகத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். மாமியார் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

8பி பற்றிச் சொன்னதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன்.

மாடல்டிராயிங் | புதன், காலை 5.50

பட்டறைத் தம்பி சொன்னது முப்பது வருடத்தில் எனக்குத் தெரியாத செய்தி. நீளமாகப் பட்டை போடு என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன், ஏன் என்று எனக்கே தெரியாது.

பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் நிழல் பேசும் என்பதற்கு ஒரு பழைய கதை. 1609 ஜூலையில் இங்கிலாந்தில் ஹாரியட் என்பவர் தொலைநோக்கியில் நிலாவைப் பார்த்து வரைந்தார். வெளிச்சமும் இருட்டும் சேரும் எல்லையைக் கோணல்மாணலான ஒரு கோடாகப் போட்டார், உள்ளே கொஞ்சம் கிறுக்கல். அவ்வளவுதான். அதே ஆண்டு கடைசியில் கலிலியோ பார்த்தார். இருட்டுப் பக்கத்தில் தனித்தனியாக மின்னும் புள்ளிகளைக் கண்டு, அவை மலையுச்சிகள், அடிவாரத்துக்கு முன்னால் உச்சியில் வெயில் படுகிறது என்று புரிந்துகொண்டார். தூரிகையில் மை தோய்த்து ஒளியும் நிழலுமாகவே வரைந்தும் வைத்தார். அவருக்கு ஓவியப் பழக்கம் இருந்ததுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். ஓவிய ஆசிரியன் என்பதால் நானும் அந்தக் கட்சிதான்.

கிறுக்கல்காரன் தம்பிக்கு வீட்டுப்பாடம். டியூப்லைட்டை அணையுங்கள். ஞாயிறு காலை சன்னல் ஒன்றைத் திறந்து மற்றதை மூடுங்கள். முக்காலியில் டம்ளரை வைத்துத் தரையில் உட்காருங்கள். ஒரு கனத்த அட்டையில் பஞ்ச் மெஷினால் இரண்டு ஓட்டை போட்டு, அதன் வழியாக இரண்டிரண்டு இடமாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபோட்டோபிரியன் சொன்ன சதுரங்க ஏமாற்றுக்கு இதுதான் மருந்து. சுற்றியிருப்பதை மறைத்துவிட்டால் கண் பொய் சொல்லாது.

கிறுக்கல்காரன் | ஞாயிறு, மதியம் 12.25

படம் இரண்டு. ஐயா சொன்னபடி செய்தேன். முக்காலி, தரை, ஒரே சன்னல், ஓட்டை அட்டை. அட்டை வழியாகப் பார்த்தபோது கிடைத்த அதிர்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டம்ளரின் நிழல் பக்க ஓரத்தில் ஒரு மெல்லிய வெளிச்சம் இருக்கிறதே, முக்காலியில் பட்டுத் திரும்பி வருவது. அதை நான் கிட்டத்தட்ட வெள்ளையாக விட்டு வைத்திருந்தேன். ஓட்டையில் பார்த்தால் அது நல்ல சாம்பல். பக்கத்தில் கன்னங்கறுப்பு இருப்பதால் வெளிச்சமாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது, நடுவில் இருக்கும் அகலமான கறுப்புப் பட்டை. அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாமல் அப்படியே வரைந்துகொண்டிருந்தேன். இடையில் பையன் வந்து பின்னால் நின்றான், பட்டையில் ஒரு சிவப்பு முளைத்தது. அவன் போட்டிருந்தது சிவப்பு பனியன். அப்புறம்தான் உறைத்தது, அந்தக் கறுப்பு நான். என்னுடைய கருநீலச் சட்டை.

டம்ளர் முக்காலியைத் தொடும் இடத்தில் நூல் மாதிரி ஒரு கறுப்பு. படம் முழுவதிலும் கடும் இருட்டு அதுதான். முன்பு அதைக் கவனித்ததே இல்லை, அதனால்தான் பைப் காற்றில் மிதந்தது.

இன்னும் ஒரு குழப்பம் மிச்சம். டம்ளரில் பாட்டி பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. நான் எழுதினால் மார்க்கர் பேனாவில் எழுதியது மாதிரி ஒட்டாமல் நிற்கிறது.

பட்டறைப்பையன் | ஞாயிறு, மதியம் 1.10

பெயர் வெட்டிய எழுத்து கோடு இல்லை அண்ணா, குழி. கடையில் வெட்டும் மெஷின் ஊசியால் குத்திக்கொண்டே போகும். ஒவ்வொன்றும் தனிப் பள்ளம்.

மாடல்டிராயிங் | ஞாயிறு, மாலை 4.30

அதேதான். பள்ளத்துக்கு வெளிச்சம் தலைகீழ். சன்னல் இடது பக்கம் என்றால் பள்ளத்தின் இடது சுவர் இருட்டு, வலது சுவர் வெளிச்சம். மேடாக இருந்தால் இதற்கு நேர்மாறு. எல்லாப் புள்ளிக்கும் இப்படிப் போட வேண்டாம், பைத்தியம் பிடித்துவிடும். பளீர்ப் பட்டையின் ஓரத்தில் வரும் ஓரிரண்டு எழுத்துக்கு மட்டும் ஒழுங்காகப் போடுங்கள். மற்றவை லேசான புள்ளிகளாகப் போகட்டும், கண் தானாக நிரப்பிக்கொள்ளும்.

படம் இரண்டு நன்றாக இருக்கிறது. ஒரே குறை, விரலால் தேய்த்திருக்கிறீர்கள். வலது பக்கம் மூட்டமாகக் கிடக்கிறது. விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், தாளின் சொரசொரப்பில் அது ஏறிவிட்டால் மேலே பென்சில் பிடிக்காது, ரப்பருக்கும் மசியாது. மண்பானைக்கு வேண்டுமானால் கொஞ்சம் தேய்க்கலாம். உலோகத்துக்குக் கூடாது. உலோகம் என்று கண்ணுக்குச் சொல்வதே அந்தப் பட்டைகளின் கத்தி மாதிரியான ஓரம்தான்.

பென்சில்சீவி | ஞாயிறு, மாலை 5.15

தேய்ப்பதை அப்படி ஒரேயடியாக மறுக்காதீர்கள் ஐயா. விரல் வேண்டாம், சரி. ஆனால் காகிதச் சுருள் குச்சியால் விழும் நிழலின் தூர ஓரத்தை மட்டும் தேய்த்தால் அழகாக வரும். நிழல் டம்ளரின் காலடியில் கூர்மையாகவும் போகப்போகக் கலங்கியும்தானே இருக்கிறது?

மாடல்டிராயிங் | ஞாயிறு, மாலை 5.40

ஒத்துக்கொள்கிறேன். நேர் வெயிலில்கூட அப்படித்தான். சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரைப் பாகை அகலம். அதனால் ஒரு மீட்டர் தள்ளி விழும் நிழலின் ஓரம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் கலங்கும். சன்னல் வெளிச்சம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் குச்சியாலும் கண்டபடி தேய்க்காதீர்கள். நான் 2எச் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து லேசாகப் போட்டே அந்தக் கலக்கத்தைக் கொண்டுவருவேன். அவரவர் கை.

ஃபோட்டோபிரியன் | ஞாயிறு, இரவு 8.20

நானும் என் பங்குக்குத் தோல்வியை ஒத்துக்கொள்கிறேன். இதே மாதிரி சன்னலோரம் டம்ளர் வைத்துப் போனில் எடுத்தேன். பளீர்ப் பட்டைக்கு வெளிச்சத்தைச் சரி செய்தால் நிழல் முழுக்கக் கறுப்பாகிறது. நிழலுக்குச் சரி செய்தால் பட்டை வெந்துபோய் சன்னல் கம்பியே தெரியவில்லை. கண்ணுக்கு இரண்டும் தெரிகிறது. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் வெயில் ஒரு லட்சம், வீட்டுக்குள் சில நூறு என்று படித்திருக்கிறேன். வெயிலில் கிடக்கும் கறுப்புத் துணிகூட அறைக்குள் இருக்கும் வெள்ளைத் தாளைவிட அதிக வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். நம் பென்சிலுக்குக் கிடைப்பது தாளின் வெள்ளையும் கிராஃபைட்டின் கறுப்பும் மட்டும். அதற்குள் அத்தனையையும் அடக்க வேண்டும். எதை விடுவது என்று கேமரா நம்மைக் கேட்காது.

மூக்குப்பேணி | ஞாயிறு, இரவு 9.00

அப்படி வாங்கோ!

கிறுக்கல்காரன், பளீர்ப் பட்டையை அழிறப்பரால் எடுத்திருக்கிறீர்கள் போலத் தெரிகிறது, அது பால் மாதிரி மங்கலாக நிற்கிறது. அடுத்த முறை அந்த இடத்தில் பென்சிலே படாமல் தாளை அப்படியே விட்டுவிடுங்கோ. வெள்ளையைக் கீற ஏலாது. சுற்றிவர இருட்டை வைத்தால் அதுவே பளபளக்கும்.

கிறுக்கல்காரன் | வியாழன், இரவு 11.35

படம் மூன்று. ஞாயிறுவரை காத்திருக்கப் பொறுமை இல்லை. டியூப்லைட்டை அணைத்துவிட்டு மேசை விளக்கைப் பக்கத்தில் வைத்தேன். முதலில் விளக்கு மிகக் கிட்டே இருந்து கண்ணைக் குத்தியது. இரண்டு மடங்கு தூரம் நகர்த்தினேன், வெளிச்சம் பாதியாகும் என்று நினைத்தால் கால்வாசி ஆகிவிட்டது. அதுவே சரியாகவும் இருந்தது.

வாய் விளிம்புக்குக் கீழே ஒரு நசுங்கல் உண்டு, பையன் போட்டது. பட்டை அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு சுளுக்குச் சுளுக்கி, அப்புறம் மறுபடி நேராகப் போகிறது. முந்தைய இரண்டு படத்திலும் அதை "சரி செய்து" நேராக இழுத்திருந்தேன். இந்த முறை சுளுக்கோடு விட்டேன். பாட்டி பெயரில் இரண்டு எழுத்துக்கு மட்டும் குழி. தேய்க்கவில்லை.

மனைவியிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் படத்தில் நசுங்கல் இருந்த இடத்தை விரலால் தொட்டாள். விரலில் 6பி ஒட்டிக்கொண்டது, படத்திலும் ஒரு ரேகை விழுந்துவிட்டது. அதை அழிக்கப் போவதில்லை.

பென்சில்சீவி | வியாழன், இரவு 11.50

அருமை. அடுத்து டவரா!

கிறுக்கல்காரன் | வெள்ளி, அதிகாலை 12.15

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். உள்பக்கம் குழிவாக இருப்பதால் விளக்கு தலைகீழாகத் தெரிகிறது, நானும்தான். நாளை சீக்கிரம் எழ வேண்டும், வெளிப்பக்கத்தை மட்டும் தொடங்கி வைக்கிறேன்.